சோற்றைக் குறைத்தோரும் குருதிக் கொழுப்பும்

நாற்பது வயதைக் கடந்த பழைய மாணவர் பலர் இன்று சோற்றின் அளவைக் குறைத்துள்ளனர். சிலர் சலரோகம் கண்டதனாற் குறைத்தனர்; சிலர் உடற்பருமன் கருதிக் குறைத்தனர்; நண்பர் குறைத்ததனைக் கண்டு தாமும் குறைத்தோரும் உளர். சோறு மாத்திரமன்றிப் பிட்டு, இடியப்பம், பாண், சீனி இட்ட தேநீர் என்பனவும் அவர்தம் உணவினின்றும் நீங்கின. சில திங்கள் கழிய எடை குறைகின்றது. குருதியிற் சீனியும் இறங்குகின்றது. அவ்வேளையிற் செய்வித்த கொலஸ்திரோற் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்து சேர, மகிழ்ச்சியினிடையே ஓர் ஐயம் தலையெடுக்கின்றது. இரண்டு எண்கள் முன்னையினும் நன்றாக உள்ளன. எல்.டி.எல். என்னும் எண் மாத்திரம் ஏறி நிற்கின்றது.

இந்நிலையில் நம்மவர் இரு கட்சியினராகப் பிரிந்து விடுகின்றனர். "இந்த உணவே நஞ்சு; நாளையே சோற்றுக்குத் திரும்புக" என்பர் ஒரு சாரார். "அந்த எண்ணே பொய், மருந்துக் கம்பனிகள் கட்டிய கதை, பேசாது விடுக" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சலரோகக்காரர் அரிதிற் பெற்ற நன்மையைக் கைவிடச் செய்கின்றனர். பின்னவர் மாரடைப்பின் வழியைத் திறந்து வைக்கின்றனர். இரு சாராரும் ஒரு தாளின் ஒரு வரியையே வாசித்து முழுத் தாளுக்கும் பொருள் கூறுவோர் என்பது என் துணிபு. மாப்பொருளைக் குறைத்துண்பது பலருக்கு நன்மை தருவதே. ஆயினும் அந்நன்மை எல்.டி.எல். ஏற்றத்தைத் தள்ளுபடி செய்துவிடாது. ஏறியது கண்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கொழுப்பின் வகையே. சோற்றுக்கு மீள வேண்டுமென்பது கட்டாயமன்று. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நோய்க்கு மருந்து சொல்லுதல் வைத்தியர் கடன். அதனுள் நான் புகேன். வாசித்தல் எவ்வாறு என்பது எம்போன்றோர் நாடோறும் வகுப்பிற் சொல்லிக் கொடுப்பது. செய்யுளொன்றின் பொழிப்பை மாத்திரம் மனனம் பண்ணிய மாணவன், சொல்லொன்று மாறியதும் தடுமாறுவான். பதவுரை அறிந்தவனோ எங்ஙனம் மாற்றி வினவினும் விடையிறுப்பான். "கொலஸ்திரோல் கூடிவிட்டது", "கொலஸ்திரோல் நல்லது" என நாம் வழங்குவன எல்லாம் பொழிப்புக்களே. பதவுரை காண்போம்.

முதலில் உணவைப் பற்றிச் சில சொற்கள். பாடநூல்கள் காபோவைதரேற்று எனக் கூறும் மாவையும் சீனியையும் குறைத்துண்ணும் முறை நேற்றுத் தோன்றியதன்று. இலண்டனில் ஈமக்கிரியைகளுக்கான ஒழுங்குகளைச் செய்து கொடுக்கும் தொழில் புரிந்த வில்லியம் பான்ரிங் என்பவர், தம் பருமன் குறைந்த வரலாற்றை 1863ஆம் ஆண்டிற் சிறு நூலாக வெளியிட்டார். அவர் விலக்கியவை பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு மாத்திரமல்ல. வெண்ணெயும் பாலும் அப்பட்டியலில் இருந்தன. 1921ஆம் ஆண்டு முதல் வலிப்பு நோயுற்ற சிறுவர்க்கு, மாப்பொருளை மிகவும் ஒடுக்கிக் கொழுப்பை மிகுத்த உணவு அமெரிக்க வைத்தியர்களாற் கொடுக்கப்பட்டு வந்தது. 1972இல் றொபேட் அற்கின்ஸ் என்னும் வைத்தியர் எழுதிய நூல் மாப்பொருள் குறைப்பை உலகெங்கும் பரப்பியது. அந்த நூல் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் தடை விதிக்கவில்லை. ஆகவே ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு உணவுகள் வழங்கி வருகின்றன. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கீரையும் பயறும் மீனும் கூட்டியவரும் "நான் மாப்பொருள் குறைத்தவன்" என்கின்றார். நாளொன்றுக்கு 50 கிராமிலும் குறைவாகவே மாப்பொருள் உண்டு, வெண்ணெயும் பாற்கட்டியும் தேங்காயுமாய் வயிற்றை நிரப்புபவரும் அவ்வாறே சொல்கின்றார். சமைத்த சோறு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் உண்டென்பதை எண்ணின், இவ்விருவரின் உணவுக்குமிடையே உள்ள தூரம் விளங்கும். இவர்களுடைய குருதி ஒரே வகையாக விடை கூறும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது.

இனிச் சொல்லுக்கு வருவோம். பித்தக்கல்லிற் காணப்பட்ட மெழுகு போன்ற பொருளுக்கு பிரெஞ்சு இரசாயனவறிஞர் செவ்ரோல் 1815ஆம் ஆண்டளவில் இட்ட பெயரினின்றும் வந்தது கொலஸ்திரோல் என்னும் சொல். பித்தம், திண்மை எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் அதனுள் அடங்கியுள்ளன. உடலின் ஒவ்வொரு கலத்துக்கும் இப்பொருள் இன்றியமையாதது. நம் குருதியிலுள்ளதிற் பெரும்பகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்கின்றது. உணவில் வருவது சிறுபகுதியே. எனவேதான் 2015ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற் கொலஸ்திரோல் உண்ணலாகாது என்ற பழைய வரம்பைக் கைவிட்டது. முட்டையின் மஞ்சட்கருவைக் கண்டு அஞ்சிய காலம் ஒருவாறு கழிந்தது. ஆயினும் அவ்வழிகாட்டி நிரம்பிய கொழுப்புக்கு வரம்பு விதித்ததை மாற்றவில்லை. "முட்டை குற்றமற்றது" என்ற செய்தியை "கொழுப்பெல்லாம் குற்றமற்றது" என விரித்துரைப்போர் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

கொழுப்பு நீரிற் கரையாது, குருதியோ நீர்த்தன்மையது. ஆதலாற் கொழுப்பைப் புரதத்தாற் பொதிந்து, சிறு வள்ளங்களில் ஏற்றுவது போல உடல் கொண்டு செல்கின்றது. பரிசோதனைத் தாளின் வரிகள் இவ்வள்ளங்களைப் பற்றியனவே. திரைகிளிசரைட்டு என்பது எரிபொருளாகப் பயன்படும் கொழுப்பு. ஈரல் அதனை ஒரு வகைப் பெரிய வள்ளத்தில் ஏற்றி அனுப்புகின்றது. அவ்வள்ளம் சரக்கை இறக்கிச் சிறுத்தபின் எஞ்சுவது எல்.டி.எல். அதனுள் மிகுந்திருப்பது கொலஸ்திரோல். நாடிகளின் உட்சுவரிற் புகுந்து தங்கிப் படிவை உண்டாக்குவன இவ்வகை வள்ளங்களே. எச்.டி.எல். வேறு இனம், எஞ்சிய கொலஸ்திரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்வதில் அதற்குப் பங்குண்டு. மொத்தக் கொலஸ்திரோல் என்பது இவை யாவற்றினதும் கூட்டுத்தொகை. நல்லதும் தீயதும் ஒன்றாய்க் கூட்டப்பட்ட தொகையாதலின், அதனை மாத்திரம் நோக்கி மகிழ்தலும் வருந்துதலும் பயனற்றன.

மாப்பொருளைக் குறைத்தவரிடத்து இவ்வரிகள் மாறுவதற்குக் காரணங்கள் உள. மிகுதியான சீனியையும் மாவையும் ஈரல் கொழுப்பாக மாற்றி ஏற்றுமதி செய்கின்றது. அவை குறைந்தவிடத்துத் திரைகிளிசரைட்டு இறங்குகின்றது, அதனோடு எச்.டி.எல். சற்று உயர்கின்றது. இவை நற்குறிகளே. சலரோகமும் தொந்தியும் உள்ளவரிடத்து இம்மாற்றம் நன்கு புலப்படும். எல்.டி.எல். வரலாறு வேறு. ஈரற் கலங்களின் மேற்பரப்பிலே எல்.டி.எல். வள்ளங்களைப் பற்றி உள்ளிழுக்கும் வாங்கிகள் உள. இதனைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்க அறிஞர் யோசப் கோல்ட்ஸ்ரைன், மைக்கேல் பிறவுண் ஆகிய இருவர்க்கும் 1985ஆம் ஆண்டில் நோபெற் பரிசு கிடைத்தது. நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்ணும்பொழுது இவ்வாங்கிகளின் தொழில் தளர்கின்றது. துறையில் இறக்குவார் குறைய, வள்ளங்கள் குருதியிலேயே தேங்குகின்றன.

யாருக்கு எவ்வளவு ஏறும் என்பதிலும் வேறுபாடு உண்டு. 41 பரிசோதனைகளைத் தொகுத்து 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மாப்பொருளைக் குறைத்தபோது மிகப் பருத்தவரிடத்து எல்.டி.எல். ஏறாமையையும், மெலிந்தவரிடத்து நன்றாக ஏறியதையும் காட்டியது. 2021இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், இயல்பான எடையும் நலமும் உடைய இளம்பெண்கள் 17 பேர் நான்கு வாரம் மாப்பொருள் மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவை உண்டனர். அவர்கள் அனைவரிடத்தும் எல்.டி.எல். ஏறியது. சராசரி ஏற்றம் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம். மெலிந்த உடலும் மிகுந்த உடற்பயிற்சியும் உடையார் சிலர்க்கு இவ்வுணவினால் எல்.டி.எல். 200ஐயும் கடந்து செல்வதுண்டு. பருத்த நண்பருக்கு நன்மை தந்த உணவை மெலிந்தவர் அப்படியே பின்பற்றுதல் எத்தகைய விளைவைத் தரும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

நம் நாட்டவர் தனியே கருத வேண்டிய பொருள் தேங்காய். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட பங்கு நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயிலோ ஏறத்தாழ 15 பங்கே. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள், சோயா, ஒலிவ் முதலிய எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காயெண்ணெய் எல்.டி.எல். அளவை ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துவதாகவும், எச்.டி.எல். அளவை 4 மில்லிகிராம் உயர்த்துவதாகவும் கண்டனர். சோற்றோடு சொதியும் சம்பலும் அளவாய் உண்ட நம் முன்னோர் உணவைப் பழித்தல் என் கருத்தன்று. நான் கூற விழைவது வேறு. மரக்கறி உணவே உண்ணும் சைவர் ஒருவர் சோற்றையும் பிட்டையும் விலக்கினால், வயிறு நிரம்புவதற்கு அவருக்கு எஞ்சுவன யாவை? மீனும் இறைச்சியும் அவர்க்கில்லை, முட்டையும் பலர்க்கில்லை. ஆகவே தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ, வெண்ணெய், நெய், பாற்கட்டி என்பன முன்னையினும் பன்மடங்காகத் தட்டிற் சேர்கின்றன. சோறு போன இடத்தை எது நிரப்பியது என்பதைத் தம்மிடமே வினவாமல், எண் ஏன் ஏறியதென்று வியத்தல் பொருத்தமன்று.

எண்ணை வாசிக்கும் முறையை இரண்டு எடுத்துக்காட்டுக்களால் விளக்குதல் நன்று. இவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள்; யாருடைய தாளிலிருந்தும் எடுத்தவையல்ல. யாவும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்னும் அளவில் அமைந்தவை. முன்னதாக ஒரு கணக்கை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான தாள்களில் எல்.டி.எல். நேரே அளக்கப்படுவதன்று, கணித்துப் பெறப்படுவது. 1972ஆம் ஆண்டில் வெளியான பிரீட்வால்ட் கணிப்பின்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவையும், திரைகிளிசரைட்டின் ஐந்திலொன்றையும் கழிக்க வருவதே எல்.டி.எல். திரைகிளிசரைட்டு 400ஐக் கடந்தால் இக்கணிப்புச் செல்லாது. 2013ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் திருத்தமான வேறு கணிப்புக்கள் வெளியாயின; சில கூடங்கள் அவற்றைக் கையாளுகின்றன. எனவே ஒரே கூடத்திலேயே மீண்டும் சோதிப்பித்தல் நலம்.

முதலாமவர் பருத்தவர், சலரோகமுடையவர். உணவு மாற்றுமுன் மொத்தம் 220, எச்.டி.எல். 38, திரைகிளிசரைட்டு 260. ஆகவே எல்.டி.எல். 130. ஆறு திங்களின் பின் மொத்தம் 240, எச்.டி.எல். 60, திரைகிளிசரைட்டு 75. ஆகவே எல்.டி.எல். 165. எல்.டி.எல். 35 ஏறிவிட்டதென்று வீட்டார் கலங்குவர். இங்கு மற்றொரு கழித்தலைச் செய்து பார்த்தல் வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவை மாத்திரம் கழித்தால், நாடியைக் கெடுக்கவல்ல எல்லா வள்ளங்களிலும் உள்ள கொலஸ்திரோல் கிடைக்கும். முன் 182; இப்பொழுது 180. சரக்கு ஒரு வள்ளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியதேயன்றி, மொத்தச் சுமை பெரிதும் கூடவில்லை. ஆகவே இவர் இந்த உணவால் நட்டமடைந்தார் எனல் தவறு. அதே வேளையில் சலரோகமுடையார்க்கு 180 என்னும் சுமை நன்றன்று. அது முன்னும் நன்றன்று, இன்றும் நன்றன்று. சீனி இறங்கியதைக் கொண்டாடும் மகிழ்ச்சியில் அந்தப் பழைய கடனை மறந்துவிடலாகாது.

இரண்டாமவர் மெலிந்தவர், நோயற்றவர், நண்பரைக் கண்டு உணவை மாற்றியவர். முன் மொத்தம் 190, எச்.டி.எல். 55, திரைகிளிசரைட்டு 90, எல்.டி.எல். 117. பின் மொத்தம் 310, எச்.டி.எல். 75, திரைகிளிசரைட்டு 60, எல்.டி.எல். 223. எச்.டி.எல். நீங்கலான சுமை 135இலிருந்து 235 ஆயிற்று. இங்கு உண்மையாகவே நூறு மில்லிகிராம் கூடிவிட்டது. "திரைகிளிசரைட்டு அறுபது, எச்.டி.எல். எழுபத்தைந்து, இதைவிட அழகான தாள் உண்டோ?" என்று இவர் தம்மைத் தேற்றிக்கொள்வாராயின், அது தாளின் பாதியை விரலால் மறைத்துக்கொண்டு வாசிப்பதாகும். இருவர் தாளிலும் "எல்.டி.எல். ஏறியது" என்ற பொழிப்பு ஒன்றே, பதவுரை செய்யும்போது பொருள் வேறுபடுகின்றது.

இரண்டாமவர் போன்றோர் கூறும் ஆறுதல்கள் மூன்று. அவற்றையும் ஆராய்வோம். எச்.டி.எல். உயர்ந்திருப்பதால் எல்.டி.எல். ஏற்றம் கழிந்துவிடும் என்பது முதலாவது. எச்.டி.எல். அளவை நூற்றுக்கு 70க்கு மேல் உயர்த்திய தோர்செற்றிரபிப் என்னும் மருந்தைப் பெற்றவரிடையே இறப்புக் கூடியமையால், அதன் ஆய்வு 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அந்த எண் உயர்ந்தவளவில் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கை அன்றே தளர்ந்தது. மாப்பொருள் குறைத்தவரின் எல்.டி.எல். பெரிதாய், இலேசாய் இருத்தலின் தீங்கற்றது என்பது இரண்டாவது. வள்ளம் பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொன்றிலும் அப்போபுரதம் பி என்னும் புரதம் ஒன்றே உண்டு. அதனை அளந்தால் வள்ளங்களின் தொகை புலப்படும். எல்.டி.எல். 223 உள்ளவரிடத்து அத்தொகையும் மிகுந்திருத்தலே பெரும்பாலும் இயல்பு. ஐயமுடையார் வைத்தியரிடம் அச்சோதனையைப் பற்றிக் கேட்கலாம். வெறும் நம்பிக்கையால் ஐயம் நீங்காது. எல்.டி.எல். கெடுதி என்பதே மருந்து விற்போர் கட்டுரை என்பது மூன்றாவது. பிறப்பிலேயே எல்.டி.எல். மிகுந்து பிறக்கும் குடும்பங்கள் உள. ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் இவ்வியல்பினர். மருந்தை அறியாத காலத்திலேயே அக்குடும்பத்தார் இளவயதில் மாரடைப்புற்றனர். 1994ஆம் ஆண்டில் வெளியான வடஐரோப்பிய ஆய்வில் இதய நோயாளர் 4,444 பேர் பங்கு கொண்டனர். எல்.டி.எல். குறைக்கும் சிம்வாஸ்ரற்றின் உட்கொண்ட பாதியினரிடத்து, மற்றப் பாதியினரிலும் பார்க்க இறப்பு நூற்றுக்கு 30 குறைந்தது. இத்தகைய சான்றுகளைக் கம்பனிகளின் கதையென ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து என்பதில், நோயுற்றவன் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே கற்ற மருத்துவன் செயற்படுதல் வேண்டும் என வள்ளுவர் வகுத்திருக்கின்றார். தாளை வாசிப்பதற்கும் இம்மூன்றும் போதிய வழிகாட்டிகள் என்பேன்.

முதலாவது ஆள். எல்.டி.எல். 120 என்னும் எண் புகையாத, நோயற்ற இளைஞனுக்கு ஒரு பொருள் தரும். சலரோகமும் இரத்த அழுத்தமும் உடைய அறுபது வயதினருக்கு வேறு பொருள் தரும். ஒருமுறை மாரடைப்புற்றவர்க்கு எல்.டி.எல். 55க்குக் கீழ் இருத்தல் வேண்டுமென 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி கூறுகின்றது. தாளின் ஓரத்தில் அச்சிடப்பட்ட "இயல்பு" என்னும் எல்லை எல்லார்க்கும் பொதுவாய் எழுதப்பட்டது. அது நமக்கென எழுதப்பட்ட தீர்ப்பன்று. தந்தையோ உடன்பிறந்தாரோ இளவயதில் மாரடைப்புற்றிருப்பின் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது அளவு. புலம்பெயர்ந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு இஃது இன்னுமொரு வகையிற் பொருந்தும். இங்கு பெரும்பாலும் மில்லிகிராமிற் கூறும் அளவை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் மில்லிமோலிற் கூறுவர். அங்கு 6.2 என்றால் இங்கு 240. கொலஸ்திரோலுக்கு 38.67ஆற் பெருக்குதல் வேண்டும், திரைகிளிசரைட்டுக்கோ 88.57ஆல். இரண்டையும் ஒரே எண்ணாற் பெருக்கி மயங்குவோர் பலர். தொலைபேசியில் "எனக்கு ஆறுதான், உனக்கு இருநூற்று நாற்பதா?" என்று அண்ணன் தம்பியை அச்சுறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அலகு வேறுபாடே.

மூன்றாவது காலம். எடை விரைந்து குறைந்து கொண்டிருக்கும் திங்களிற் செய்த சோதனை உண்மை நிலையைக் காட்டாமற் போகலாம். உடற்கொழுப்பு உருகி வரும்போது கொலஸ்திரோல் சிறிது காலம் ஏறி நிற்பதுண்டு. எடை ஒரு நிலையில் நின்று சில வாரம் கழிந்தபின் சோதிப்பித்தலே சரியானது. காய்ச்சலுற்று எழுந்த வாரத்திற் சோதித்தால் எல்.டி.எல். பொய்யாய் இறங்கித் தோன்றும். தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்தவரிடத்து அது காரணமாகவே ஏறும். உணவின்மீது பழி சுமத்துமுன் அதனையும் பார்த்தல் வேண்டும். உண்ணாதிருந்து சோதித்தல் எப்போதும் கட்டாயமன்றென 2016ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் கூடி முடிவு செய்தனர். ஆயினும் முன்னும் பின்னும் ஒப்பிட விரும்புவோர், இரு முறையும் ஒரே வகையாய் இரவு உணவின்பின் 10 அல்லது 12 மணி நேரம் உண்ணாதிருந்து செல்லுதல் நன்று. திரைகிளிசரைட்டு நாளுக்கு நாளே நூற்றுக்கு 20 வரை மாறும் இயல்பினது. ஆகவே சிறு ஏற்றத்தாழ்வுகளுக்குக் காரணம் தேடி இரவு விழித்திருத்தல் வேண்டா.

ஏறியது உண்மை என்று துணிந்தபின் செய்ய வேண்டியது யாது? முதலிற் கொழுப்பின் வகையை மாற்றுதல். வெண்ணெய், நெய், கட்டித் தேங்காய்ப்பால் என்பவற்றைக் குறைத்து, நல்லெண்ணெய், நிலக்கடலை, கச்சான் வகைகள், எள்ளு என்பவற்றைக் கொள்ளலாம். மீன் உண்பவர் மீனைக் கொள்ளலாம். பயறு, கடலை, உழுந்து, கீரை, வெண்டிக்காய் என்பனவும் சேருமாயின், சிறிதளவு மாப்பொருள் கூடினும் நார்ப்பொருள் அதனை ஈடு செய்யும். மாப்பொருளை மிக ஒடுக்கிய மெலிந்தவர் அளவோடு சிறிது சோறோ பழமோ சேர்த்துக்கொள்ள, எல்.டி.எல். இறங்குவதும் உண்டு. இரண்டு அல்லது மூன்று திங்கள் இவ்வாறு உண்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். அதன் பின்னரும் எல்.டி.எல். 190க்கு மேல் நிற்குமாயின், அல்லது சலரோகமோ இதய நோயோ முன்பே இருக்குமாயின், மாத்திரை பற்றி வைத்தியர் கூறுவதை மறுத்தல் ஆகாது. அரசினர் மருத்துவ நிலையங்களிற் பணமின்றியே கிடைக்கும் இம்மாத்திரை வகை, யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளினின்றும் வளர்ந்தது. ஈரல் தானே ஆக்கும் கொலஸ்திரோலைக் குறைத்து, முன்னே கூறிய வாங்கிகள் பெருகுமாறு செய்வதே அதன் தொழில்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ பெறும் சலரோகக்காரர் வைத்தியருக்குச் சொல்லாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால், குருதியிற் சீனி அபாய நிலைக்கு இறங்கி மயங்கி விழுதல் கூடும். சிறுநீர் வழியே சீனியைக் கழிக்கும் புதிய மாத்திரை வகையைப் பெறுபவர் மாப்பொருளை முற்றாக நிறுத்தின், குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கே இடர் விளையலாம். உணவு மாற்றம் முதலில்; மருந்து மாற்றம் பின்னொரு நாள் என்றிருத்தல் ஆகாது. இரண்டும் வைத்தியர் அறிய ஒருங்கே நிகழ வேண்டியன.

இவ்விழா மலர் கடல் கடந்த நம் பழைய மாணவர் கைகளையும் சென்றடையும். அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தாம் வாழும் நாட்டிலே தமக்கு நன்மை செய்த உணவை, ஊரிலுள்ள முதிய தாய் தந்தையர்க்குத் தொலைபேசி வாயிலாக ஆணையிடுதல் இன்று பெருகிவிட்டது. "சோற்றை விடுங்கள், அந்தக் கொலஸ்திரோல் குளிசையையும் விடுங்கள்" என்று அன்பினால் மகன் சொல்ல, மகன் படித்தவன் என்ற நம்பிக்கையாற் பெற்றோர் அவ்வாறே செய்கின்றனர். மாத்திரையை நிறுத்திய மறுநாள் எந்த நோவும் தோன்றாது. மறு திங்களும் தோன்றாது. நாடியின் உட்சுவரிற் படிவது ஓசையின்றிப் பல ஆண்டுகளாக நிகழ்வது. தோன்றும் நாளில் மகன் அருகில் இரான். விமானச் சீட்டுக்கு அலைந்து கொண்டிருப்பான். பெற்றோர்க்கு உண்மையாகவே உதவ விரும்பும் பிள்ளை, அவர்தம் பழைய தாள்களையும் புதிய தாள்களையும் ஆண்டு மாத வரிசையில் ஒரு கோவையில் இடச் செய்து, உணவில் என்ன மாறியது என்பதையும் ஒரு தாளில் எழுதுவித்து, கிளினிக் நாளில் அதனைக் கையிற் கொடுத்து அனுப்புவானாக. குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை, அக்கோவை முழுவதையும் வாசித்த வைத்தியர் சொல்லட்டும்.